தோற்ற பிறகு ஆடிய ஆட்டம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் டிவியிலேயே பார்த்துவிட்டோமே, தனியாகக் கேட்கத் தேவையில்லை. மேட்ச் முடிந்த அன்று நீ போன் செய்து பார்த்தியாம்மா என்றதும், பார்த்தேன், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் தோற்றதில் எனக்குக் கோபம் இல்லை. தோற்ற சூடு ஆறும் முன்பே, ஜெயித்த அணியின் கோல்கீப்பர் தோளில் கை போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து ஆடினாயே, அது எனக்கு அருவருப்பாக இருந்தது. உனக்குப் பின்னால், கடைசிப் பெனால்டியை வெளியே அடித்த உங்கள் அணி நெட்டை, ஒரு காலின் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தாள். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் துணியைத் துவைத்துப் போட்டவள். ஜெயித்தால்தான் அவளை அடுத்த வருடமும் அணியில் வைத்துக்கொள்வார்கள் என்று நீதான் என்னிடம் சொன்னாய். அவள் இருந்த பக்கம் நீ திரும்பவே இல்லை.

அழுதால் ஸ்கோர் மாறுமா, இது எங்கள் வேலை, நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும் என்பாய். உன்னை யார் அழச் சொன்னது? கேமராவுக்காக மூக்கைச் சிந்துவதும் வேஷம்தான். ஜெயித்தவர்களுக்குச் சிரித்த முகத்தோடு கைகொடு, அது மரியாதை. நீ செய்தது, எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை பார் என்று ஊருக்குக் காட்டியது. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பெண், ஒரு அம்மாவிடம் எடுத்த ரத்தக் குழாயைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு தடவை குத்திக்கலாம் ஆன்ட்டி என்று சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லை, கூச்சம்தான். ஆனாலும் ஊசி வாங்கிய கை அவளுடையது இல்லையே.

அப்பா பட்டதையும் கேள். பள்ளிக்கூட வாசலில் மற்ற வேன் டிரைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "என்னண்ணே, உங்க வீட்ல தோத்தாலே இந்த ஆட்டமா? அப்ப ஜெயிச்சா உக்காந்து அழுவீங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். உன்னை விட்டுக்கொடுக்காமல், சின்னப் பிள்ளை, கேமராவைக் கண்டால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "அந்த நெட்டைப் பொண்ணு வீடு போய்ச் சேந்துச்சாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

நீ நெடுநாள் நன்றாக விளையாட வேண்டும், நெஞ்சில் கொஞ்சம் ஈரத்தோடு. முழங்கால் கட்டை அவசரப்பட்டு அவிழ்க்காதே. முதலில் நெட்டைக்குப் போன் செய். அதன் பிறகு எனக்குச் செய்தால் போதும்.

உன் அம்மா

பி.கு. வேனின் பின்கண்ணாடியில் அப்பா ஒட்டியிருந்த உன் படத்தை, அவர் நெட்டையைப் பற்றிக் கேட்ட அன்றே நான் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தார். மிச்சமிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.