கிடங்கில் அடைபட்ட சேதி

நலமே பெருகுக. நீள்கழி நாடும் அதன் துறைமுகமும் காக்கும் கோவேந்தர் மணிவரையர்தம் பெருந்தேவி அல்லியங்கோதை, செம்பாறை நாட்டின் காவலரும் எம் உற்ற துணைவருமான வேலங்கீரர் திருமுன் விடுக்கும் ஓலை. நும் ஏரிகள் நிறைக. நும் கோட்டை வாயில்கள் என்றும் திறந்தே இருப்பனவாக.

நும் தூதுவன் பூதன் கொற்றன் திரும்பாமை கண்டு, அவனை யாம் கொன்றோமோ என ஐயுற்று, எல்லையில் படை நிறுத்தினீர். கொற்றன் உயிரோடிருக்கிறான். நும் போருக்குத் துணையாக வந்த என் மகன் கடுந்தேரன் ஆற்றுத்துறையில் வீழ்ந்தான் என்னும் சேதியோடு அவன் வந்தபோது, மன்னர் அவனை எண்ணெய்க் கிடங்கில் அடைத்து, அச்சேதி என் செவிக்கு எட்டாமல் காத்தார். போரில் மகன் மாண்டாலும், தூதுவன் தாயின்முன் நின்று தன் வாயால் உரைக்கும்வரை அம்மகன் இறந்தவனாகக் கொள்ளப்படான் என்பது எம் குடி வழக்கம். அதுவரை நடுகல்லும் இல்லை, நீர்க்கடனும் இல்லை. ஆதலால் ஒரு மனிதனைப் பூட்டி வைத்தால் மகன் இருப்பான் என்று அந்தப் பேதை நெஞ்சம் எண்ணிற்று. அவரை நான் எப்படிக் கடிவேன்?

கிடங்கை அடுத்து மதுச்சாடிகள் வைத்திருக்கும் யவன வணிகர் காயன் என்பார் இதை எனக்கு உரைத்தார். தம் இலத்தீன் மொழியில் நூந்தியுஸ் என்னும் ஒரே சொல் சேதி கொணர்பவனுக்கும், அவன் கொணரும் சேதிக்கும், மணம் முறித்துக் கணவன் மனைவிக்கு விடுக்கும் சொல்லுக்குங்கூட வழங்கும் என்றும், ஆதலால் அங்கே அடைபட்டுக் கிடப்பது கொற்றன் மட்டும் அன்று என்றும் சொல்லித் தலைகவிழ்ந்தார். கேட்டதும் மன்னர்மேல் எனக்குச் சினம் பொங்கியது. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் தனியே அழுதிருக்கிறாரே.

அன்றே கிடங்கைத் திறப்பித்தேன். கொற்றன் பேச அஞ்சி, அரசாணை தடுக்கிறது என்றான். தாயின் ஆணை அதற்கு மேல் என்றேன். போர்நாள் காலை தாம் வயிறார உண்டதையே தாயிடம் முதலில் சொல்லவேண்டும் என இளவரசர் பணித்தார் என்று தொடங்கியவன், மேலே சொல்லமாட்டாமல் அழுதான். உண்டாயா, உண்டாயா என்று நாள்தோறும் கேட்டு அப்பிள்ளையைத் தொல்லை செய்தவள் நான். மிச்சத்தையும் உரைக்கச் சொல்லி, நின்றபடியே கேட்டேன். என் மகன் இறந்தான்.

மன்னர் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். அவர் கை முத்திரையைத் தொடவில்லை. எனவே என் கணையாழி பொறித்து விடுக்கும் ஆணை இது: எம் எல்லைக் காவலர் கொற்றனுக்குக் குதிரையும் வழியுணவும் தந்து வழிவிடுக. நீவிரும் படை விலக்கி, அவ்வாற்றுத்துறையில் என் மகனுக்குக் கல் நடுக. கொற்றனிடம் இனிச் சேதி ஏதும் இல்லை. அவனை அவன் மனையாளிடம் அனுப்புக.