மணிக்குள் ஆட்டுத்தோல்

மார்ச் 11, புதன்

மாமியார் ஜோலார்பேட்டை முழுக்க, "மருமக ரியாக்டர்ல இன்ஜினியர்" என்று சொல்லிவைத்திருக்கிறார். கேட்டவர்கள் அணு உலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆம்பூர் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் என் ரியாக்டர் வெறும் எண்ணெய்த் தொட்டி. உள்ளே செம்புக் கம்பிச் சுற்றுகள். நீண்ட லைனில் வோல்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொள்ளும். நான் திருத்தவில்லை. மரியாதை கூடினால் யாருக்கு நஷ்டம்?

எண்ணெயில் வாயு சேர்ந்தால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். போன வாரம் எண்ணெய் ஊற்றியதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. "காத்துதாம்மா, அடங்கிடும்" என்றார் மேலதிகாரி ராஜகோபால் சார்.

மார்ச் 12, வியாழன்

சாப்பிடும்போது மூன்று தடவை மணி. என் கணவர் நவநீதன் தன் ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தோல் துண்டு கைப்பையில் இருந்தது. மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவே செருகிவிட்டேன். அப்பாடா, ரசம் ருசித்தது.

பேனலுக்குப் பின்னால் அலாரம் விளக்கு மட்டும் எரியும். மணி அடித்தால்தான் யாரும் அந்தப் பக்கம் போவார்கள். நானே போய்ப் பார்த்து, வாயுவைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

காற்றாக இருந்தால் நாளாக ஆகக் குறைய வேண்டும். ஜாஸ்தியாகிறது. சிரிஞ்சில் கொஞ்சம் பிடித்து, தொட்டியிலிருந்து வெகுதூரம் தள்ளி, சைக்கிள் ஷெட் பின்னால் தீக்குச்சி காட்டினேன். எரிந்தது.

காற்று எரியுமா?

சாரிடம் ஓடினேன். "டிஃபரன்ஷியல் ரிலே கம்முனு இருக்குது. அப்புறம் இன்னா ஃபால்ட்டு?" அந்த ரிலே, நுழையும் கரண்டையும் வெளியேறும் கரண்டையும் எண்ணும் வாட்ச்மேன். உள்ளேயே அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் அதற்குத் தெரியாது. போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். சொன்னேன். அவர் லாக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "நாலு நாளா அலாரமே இல்லியே."

எழுதியவர் ஆபரேட்டர் லியாகத் அலி பாய். அடிக்காத மணியை அவர் எப்படி எழுதுவார்? மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தத் தொட்டியை ஒட்டி நின்று சூடு குறித்துவருபவரும் அவர்தான். வெடித்தால்— சொன்னால் என் புரொபேஷன் போச்சு. சே, இன்னாடி பண்ணி வெச்சிருக்க, பூர்ணிமா.

அன்றே, மாலை

சார் முன்னாலேயே தோலை உருவினேன். மணி அலறியது. தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் ரியாக்டரை நிறுத்திவிட்டார்கள்.

"நம்மகிட்ட சொல்லியிருந்தா பஞ்சு குடுத்திருப்பேனே மேடம்" என்றார் பாய். அவர் காதில் ஏற்கெனவே இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

தொட்டியைத் திறந்தார்கள். மூன்று சுற்றுகள் கருகி ஒட்டிக்கிடந்தன. பாய் வெகுநேரம் பார்த்தார். "இது பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 20, திங்கள்

புரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. ஆட்டுத்தோலைத் தடயம் என்று என் கோப்பில் நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை அது நாறும்.

ஜூன் 15, திங்கள்

மாற்று ரியாக்டர் வந்துவிட்டது. சுற்றுகளுக்குள் நடப்பதையும் கண்டுபிடிக்கும் புது ரிலேயும் கூடவே. புது எண்ணெய் என்பதால் காலையிலிருந்து மணி. சார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, சிரிஞ்சோடு கிளம்பினார். "காத்தாதான் இருக்கும். பாத்துட்டு வர்றேன்."

காற்றுதான். ஐந்து தடவையும் காற்றுதான். சரியான பேஜார். பாயிடம் பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, லாக் புத்தகத்தில் ஐந்து தடவையும் நானே எழுதினேன்: மணி அடித்தது.