கருப்புச் சுவருக்கு உள்ளே

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

கோயில் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில் நீங்கள் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லை முடிவாகிவிட்டது. கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம், தமிழகத்தோடு போய்விட்டன. நாம் இந்தப் பக்கமே, கேரளத்தில் நின்றுவிட்டோம். பாறசாலைக் கடைகளில் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசிப் பேசி எல்லாருக்கும் சலித்துவிட்டது. எனக்கும்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல. அம்மாவின் இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இறந்த மழைக்காலத்தில் தொடங்கியது இன்னும் விடவில்லை.

முதலில் துக்கம் என்றுதான் நினைத்தேன். அழுது அழுது நெஞ்சு கட்டிக்கொண்டது, ஆறிப்போகும் என்று ஜெபத்துக்கு வந்த பெண்களும் சொன்னார்கள். ஆறவில்லை. பிறகு ஆளாளுக்கு க்ஷயம் என்று காதோடு காதாகப் பேசத் தொடங்கினார்கள். நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தேன். க்ஷயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கோ, பிறகு என்னதான் இது என்ற பயம் கூடியது.

ஓணம் லீவுக்கு அம்மாவைத் திருப்புறம் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு வாரம் கழித்து அழைத்துவரப் போனபோது சித்தி சொன்னாள்: “இங்க அக்கா ஒரு தடவகூட இருமல்ல மக்கா. உனக்க வீட்டுலதான் என்னவோ உண்டு.” எனக்குச் சுருக்கென்றது. என் சமையலையும் என் கவனிப்பையும் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்த அன்றே, உங்கள் அறையில் படுத்த கொஞ்ச நேரத்தில், அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் என் மூக்கு விழித்தது. அந்த அறையில் நனைந்த சாக்கின் வாடை அடித்துக்கொண்டே இருந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று பரண் முழுக்கத் தேடினேன். எலி இல்லை. அலமாரியில் மடித்து வைத்த ஞாயிற்றுக்கிழமைச் சேலைகளில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. உங்கள் பைபிளின் தோல் அட்டையில் மாவு தூவியது போல ஒரு படலம் இருந்தது. துடைத்தால் போகும், சில நாளில் திரும்ப வரும். கிறிஸ்மஸுக்கு அடித்த வெள்ளை மற்ற சுவர்களில் அப்படியே இருக்க, மேற்குச் சுவரில் மட்டும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் செய்வதைத்தான். அதன்மேல் இன்னொரு தரம் சுண்ணாம்பு அடித்தேன்.

கடைசியில் பக்கத்து வீட்டு வேலப்பண்ணனைக் கூப்பிட்டு, அலமாரியைச் சுவரை விட்டு இழுத்துப் பார்த்தோம். பின்பக்கம் பூராவும் பூஞ்சணம். கருப்பும் பச்சையுமாக, தொட்டால் மெத்தென்று இருந்தது. வேலப்பண்ணன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, “இது நல்லா பூத்துப் போச்சே,” என்றார். சுவரில் கை வைத்தேன். ஈரம். வெளியே ஓடிப்போய் அதே இடத்தைப் பார்த்தேன். அங்கே நீங்கள் பூசிய தார் பளபளவென்று காய்ந்து கிடந்தது.

அப்பா, உங்களோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. இந்த ஊரைத் தமிழகத்தோடு சேர் என்று ரோட்டைப் பார்த்த அந்த மேற்குச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதினீர்கள். சரி. போலீஸ் வந்து அழிக்கச் சொன்னது. அந்த வரியை மட்டும் மறைத்திருக்கக் கூடாதா? பொழியூரில் மீன்பிடி வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த தாரை வாங்கிவந்து, கூரையிலிருந்து தரை வரை சுவர் முழுக்கப் பூசினீர்கள். “அழிக்கச் சொன்னாம்லா? நல்லா அழிச்சாச்சு. போறவன் வாறவன் எல்லாம் பாத்து எதுக்குன்னு கேக்கட்டு,” என்றீர்கள். கொடி பிடித்தால்தானே தடை, சுவரே கருப்புக்கொடியாக நின்றால் யார் என்ன செய்ய முடியும் என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஊரும் நம் வீட்டைக் கருப்புச் சுவர் வீடு என்று பெருமையாகச் சொன்னது.

செம்மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். அடியிலிருந்து ஏறும் ஈரம் முன்பெல்லாம் மேற்கு வெயிலில் காய்ந்து போகும். தார் வெளியே போகும் வழியை அடைத்துவிட்டது. ஈரம் வீட்டுக்குள் வந்தது. உள்ளே அம்மாவின் கட்டில் இருந்தது.

தாரோடு பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்பு பூசினால் சுவர் மெதுவாகக் காயும் என்றார் வேலப்பண்ணன். நாளைக்கே வாறேன் என்றும் சொன்னார். அம்மாதான் குறுக்கே நின்றாள். “தாரச் சொரண்டினா அடியில அவிய எழுதினது தெரியுமா?” என்று அவரிடம் கேட்டாள்.

“பூச்சோட சேந்து வந்துரும் அம்மா. ஒண்ணும் நிக்காது.”

“அப்பம் வேண்டாம்.”

அவ்வளவுதான். கட்டிலையாவது நடு அறைக்கு மாற்றுகிறேன் என்றேன். அதுவும் வேண்டாமாம். “அவியளுக்க கையெழுத்துன்னு வேற என்ன உண்டு? அது கெடக்கட்டு,” என்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டை போகும். வீட்டுக்கு வந்தால் இந்த இருமல். எனக்கு அலுத்துவிட்டது அப்பா. செத்துப்போன நீங்களும் உயிரோடு இருக்கும் அவளும் சேர்ந்துகொண்டு என்னைத் தனியாக விட்டது போல இருந்தது.

போன சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு மூச்சு ஏறி இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். இதோடு இவளும் போய்விடுவாள் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து மூச்சு நிதானப்பட்டது. கருப்புச் சுவர் எதிரேதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மக்கா,” என்றாள். “அவிய ஊருக்குல்லா எழுதினாவ?”

“ஆமாம்மா.”

“ஊரு வாசிச்சாச்சு. எனக்குன்னு ஒரு வரி எழுதல்ல. நான் எதுக்கு இதுக்குக் காவல் கெடக்கணும்? வேலப்பன வரச் சொல்லு.”

மாநாட்டுக்கு எழுதினீர்கள், மந்திரிக்கு எழுதினீர்கள், ஜெயிலில் இருந்தபோதுகூடக் கட்சி ஆட்களுக்கு எழுதினீர்கள். அம்மாவுக்கு ஒன்றுமே எழுதவில்லையா அப்பா? அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

திங்கட்கிழமை கொத்தி முடித்தார்கள். உங்கள் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது சுவர் காய்கிறது. ஜன்னல் திறந்தே இருக்கிறது. சித்தி வீட்டில் விட்டுவந்த அம்மா அடுத்த வாரம் வருவாள். கட்டிலை எங்கே போடுவது என்று அவளே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சுவரில் இனி எந்தக் கட்சியையும் எழுத விடமாட்டேன், எந்த போலீஸ் சொன்னாலும் தார் பூச விடமாட்டேன். நாம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, அம்மா மூச்சு விட வேண்டும்.

கோபம் தீராத, பாசமும் தீராத,
உங்கள் மூத்த மகள்