ஹால் சுவரில் பிள்ளையார்

ஞாயிறு, இரவு

சாவி வாங்குவதற்கு முன் அடையாறு வீட்டைச் சரிபார்க்க இன்று நானும் உமாவும் போனோம். குழாய், ஸ்விட்ச், கதவு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஹால் சுவரில் மட்டும் பெரிய பிள்ளையார் படம் மாட்டியிருந்தார்கள். பில்டரின் அன்பளிப்பாம். உமா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னாலுள்ள சுவரையும் பார்த்துவிடலாமென்று நான் படத்தைக் கழற்றப் போனேன்.

"இன்னா சார், சாமி படத்துல போய் கைய வெக்கிறீங்க!" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"விடுங்களேன், வெள்ளிக்கிழமை பால் காய்ச்சப் போற வீடு," என்றாள் உமாவும்.

எரிச்சலில் கழற்றியே விட்டேன். பின்னால் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே ஈரம். புதுப் பூச்சுக்குள் விரிசல் தரையை நோக்கி இறங்கிப் போயிருந்தது.

"வெறும் பூச்சுதான் சார், பட்டி பார்த்தா போயிடும்," என்று சொல்லிப் படத்தைத் திரும்ப மாட்டினார்.

லிஃப்ட் ஓடவில்லை, படியில் இறங்கினோம். கீழ் வீட்டில் போன வாரமே குடிவந்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. அதே சுவர், அதே இடம், அதே பிள்ளையார். அந்த வீட்டு அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே மேல் வீடு? உங்க வீட்டுக்கும் பிள்ளையார் வந்துட்டாரா?" என்று சிரித்தார்.

வந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.