இருபது நிமிடம் முந்திய கடல்

என் அருமை மாப்பிள்ளை சிங்காரத்துக்கு,

உன் கணக்கு சரிதான்! மற்ற சேதியெல்லாம் அப்புறம். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதை உன் காதில் போடாமல் எனக்குச் சோறு இறங்காது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எல்லாம் உன் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. பினாங்குக் கரையில் கொஞ்சமாக ஏறும் கடல், நம் கிள்ளானில் மட்டும் ஏன் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது? துறைமுகத்தில் அளவுக் கம்பைப் பார்த்துத் தண்ணீர் மட்டம் எழுதுவது என் வேலை. ஒரு நாளாவது எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதா? ரயில்வே பட்டறையில் வரைபடம் எழுதுகிற உனக்குத்தான் தோன்றியது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் பின்பக்கத்தில் தகரத்தை வளைத்து ஒரு நீளத் தொட்டி செய்தாய். மேல்முனை அகலம், சிங்கப்பூர்ப் பக்கம் குறுகல், இரண்டு கரைக்கும் களிமண். மலாக்கா நீரிணை முழுவதும் உன் துணிக்கொடிக்கு அடியில் வந்து கிடந்தது. அகல முனையில் பலகையை அழுத்தி எடுத்து, உமியைத் தூவி, நீரோட்டம் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று குனிந்தே கிடந்தாய். "கடலைக் கொண்டாந்து கொல்லையில வச்சிட்டு, குளிக்கத் தண்ணி இல்லைங்கிறாரு உங்க மாப்பிள்ளை" என்று என் தங்கை கமலம் என்னிடம் புகார் சொன்னாள். பலகையை அழுத்தியதும் அவள்தான், அதை மறந்துவிடாதே.

வாய்ப்பக்கம் அரை விரல் ஏறிய தண்ணீர், கிள்ளான் குறுகலில் ஒன்றரை விரல் ஏறியது. அன்று நீ குதித்த குதியில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. அதற்குப் பிறகு என் பழைய பதிவுகளையும் தொட்டியையும் ஒத்துப் பார்த்து, எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் உச்சிக்கு வரும் என்று வருஷம் முழுமைக்கும் அட்டவணை போட்டாய்.

அதை யாருக்காகப் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். கடலோரத் தென்னந்தோட்டத்தில் மதகை நேரத்தில் மூடாவிட்டால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து அடுப்புகளில் உப்புத் தண்ணீர் நிற்கும். ஆனால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உன் அட்டவணையை என் புதுப் பதிவோடு வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி எப்பவும் முந்திக்கிட்டு வருதே. இதை நம்பி லயத்தை முழுக விடச் சொல்றீங்களா?"

ஒரு நாள் பதினைந்து நிமிடம், ஒரு நாள் இருபத்தைந்து. அலையாடும் கம்பில் உச்சியை அதற்கு மேல் துல்லியமாகப் பார்க்க முடியாது. நீ தொட்டியை இடித்து இரண்டு தடவை கட்டினாய். காய்ச்சலில் படுத்தபோதும், "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன், மச்சான்" என்றுதான் சொன்னாய். அதே நினைப்போடு போய்விட்டாய்.

இப்போது என் லட்சணத்தைக் கேள். எல்லாக் கடிகாரத்தையும் இருபது நிமிடம் முன்னே தள்ளச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு போட்டதல்லவா? சூரியனுக்கு யார் உத்தரவு போடுவது என்று வீம்பு பிடித்து, என் வாட்சை நான் தொடவே இல்லை. ரயிலுக்கும் ஆபீசுக்கும் மனசுக்குள் இருபது கூட்டிக்கொள்வேன். துறைமுக ஜெட்டி முனையில் கம்பைப் பார்த்து எழுதும்போது மட்டும், பழைய பழக்கத்தில், வாட்ச் காட்டியதை அப்படியே எழுதினேன். நீயோ உத்தரவுக்கு முந்தைய என் பதிவுகளுக்கு ஒழுங்காக இருபது கூட்டி, புது மணியில் அட்டவணை போட்டிருந்தாய். கேலி பண்ணுவாய் என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லையே, பாவி நான்!

கண்டுபிடித்தது கமலம். போன மாதம் உன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். மணி கேட்டாள், நாலு என்றேன்.

"நாலு மணி ரயில் போயி எவ்வளவு நேரமாச்சு! உங்க வாட்ச் இன்னும் பழைய மணியிலயா ஓடுது?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அண்ணே, கம்புகிட்டயும் இந்த மணியத்தான் எழுதுனீங்களா?"

ஆமாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவிலும் இருபது கூட்டிப் பார்த்தோம். எல்லாம் உன் அட்டவணையில் போய் உட்கார்ந்தன, மாப்பிள்ளை.

கிராணியின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு வாய்ப்புக் கேட்டோம். நேற்று அமாவாசை. மாலை ஐந்து ஐம்பதுக்கு உச்சி என்று நீ எழுதியிருந்தாய். அதைப் பார்த்து, மதகுக்காரர் பாக் சமாட் முன்கூட்டியே பலகையை இறக்கினார். கிராணி தன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மதகில் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து ஐம்பதுக்கு நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"பெத்துல், பெத்துல்! சரியா இருக்கு!" என்று பாக் சமாட் தொடையில் தட்டினார். கிராணி தானே ஆணி தேடி அட்டவணையை மதகுக் கொட்டகையில் அடித்தார். லயத்துப் பெண்கள் ஒரு பாயைக்கூடத் தூக்கவில்லை. கமலம் சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். நானும் அப்படித்தான். இவ்வளவு சந்தோஷத்தை நீ இல்லாமல் எப்படித் தாங்குவது?

ஒன்று மட்டும் பாக்கி. துறைமுகப் பதிவேட்டில் என் பொய் மணிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. நாளைக் காலை துரை முன்னால் நின்று, ஒவ்வொரு வரியையும் என் கையாலேயே சிவப்பு மையில் திருத்துவேன். சீட்டைக் கிழித்தாலும் கிழிக்கட்டும். தப்பு யாருடையது என்று கேட்டால் என் பெயரையும், சரி யாருடையது என்று கேட்டால் உன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

உன் வீம்பு பிடித்த மச்சான்,
கமலத்தின் அண்ணன்
வீராசாமி