இடதுகை ஆட்டக்காரருக்கு மாற்று

இன்று காலை உன் மகள் வந்தாள், கையில் உன் பிஸ்கட் டப்பாவோடு. மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனை தூக்கியடித்தது. பூச்சி அரிக்காமலிருக்க நீ போட்டுவைத்த கற்பூரம் இன்னும் கரைந்து முடியவில்லை. அதற்குள் நீ போய்விட்டாய். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

மேலாக இருந்த கிரிக்கெட் கார்டில் நம் இடதுகை ஆட்டக்காரர்.

"ஒங்களுக்குத்தான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாக மாமா. வச்சுக்கோங்க."

நீயாவது, அப்படிச் சொல்வதாவது! பிள்ளை என் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறாள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் அவர் வலதுகைக்காரர். சிவகாசியில் நீ கட்டிங் மிஷினில் நின்ற அச்சகத்தில் யாரோ படத்தின் பிலிமை இடவலமாகப் புரட்டி ஒட்டிவிட, பபுள்கம்மோடு போகவேண்டிய கார்டில் மட்டும் மனுஷர் இடதுகைக்கு மாறிவிட்டார். தாளையெல்லாம் வெட்டி அடுக்கிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. முதலாளி அத்தனையையும் காகிதக் கூழுக்குத் தள்ளச் சொன்னார். நீ ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் எனக்கு ஞாயிறுதான் ஓய்வு. டீக்கடையில் நீ முந்தி வந்து உட்கார்ந்திருப்பாய்.

"சும்மா கேட்டா தரமாட்டேம்லே. மாத்துக்கு என்ன கொண்டாந்த?"

கார்டுக்குக் கார்டு, இனாம் கிடையாது. அது நமக்குள் இருந்த சட்டம். மீசைக்காரப் பந்துவீச்சாளரை நீட்டினால் மூலை மடங்கியிருக்கிறது என்பாய். தொப்பிக்காரரை நீட்டினால், "இவரு எங்கலே பந்து போட்டாரு? எல்லையில நின்னு பெறக்கித்தான போட்டாரு" என்று தள்ளிவிடுவாய். டீ ஆறிப்போகும். நமக்குச் சண்டை ஓயாது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீ கிடந்தபோதும் கேட்டேன்.

"ஏலே, ஆளப் பாக்க வந்தியா, கார்டக் கேக்க வந்தியா?"

கார்டைத்தான் என்றேன். ஆளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"சும்மா வாங்கமாட்டேன் தாயி, மாத்து தரணும்" என்று இன்று உன் மகளிடம் சொன்னேன்.

"இனிமே மாத்து கேக்க யாரு மாமா இருக்கா?" என்றாள்.

உள்ளே போய் அலமாரியைக் கலைத்தேன். எதை எடுத்தாலும் உனக்குப் பற்றாது என்றே பட்டது. கடைசியில் என் கேப்டனை எடுத்தேன். வெயிலில் காத்துக் கிடந்து அவர் கையாலேயே கையெழுத்து வாங்கிய கார்டு. நீ வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்தால் உன் கண் முதலில் அதைத்தான் தேடும். இடதுகைக்காரரை வெளியே எடுத்துக்கொண்டு, கேப்டனை டப்பாவுக்குள் வைத்து மூடி அவள் கையில் கொடுத்தனுப்பினேன்.

அவள் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசைப்பட்டது வீட்டுக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அதைப் பார்க்க முடியவில்லை. கொடுத்த மாற்று சரிதானா? குறைவு என்றுதான் தோன்றுகிறது. பற்றாது என்று சொல்ல நீ வேண்டும். தெருவில் பைக் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், சண்டைக்கு வந்துவிட்டாயோ என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.