நகர்ந்து திரும்பிய ராஜா

இன்று மதியம் அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். சூடேறியதும் அதே கருகல் வாசனை. நாம் எழுதிய செஸ் புரோகிராமின் நடுவில் நீங்கள் எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருக்கிறது: "இதப் பாத்தாச்சுங்க, மறுபடியும் தேடாதீங்க." படித்துவிட்டு மூடிவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

பெருந்துறைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டே எழுதினோம். வெவ்வேறு நகர்த்தல்கள் வழியாக ஒரே காய்நிலை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடிப் புரோகிராம் திணறும். நீங்கள்தான் ஹாஷ் டேபிள் போட்டீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே கண்ட விடை. அதே நிலை மறுபடி வந்தால் தேட வேண்டாம், விடையை எடுத்துக்கொள்ளலாம். அவிநாசி தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்த புரோகிராம், டிரைவர் கியர் மாற்றுவதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்தது.

பிறகு ஒரு நாள் கேவலமாகத் தோற்றது. ராஜா ஒருமுறை நகர்ந்து பழைய கட்டத்துக்கே திரும்பியிருந்தது. அப்படி நகர்ந்துவிட்டால் பிறகு ராஜாவையும் யானையையும் ஒரே ஆட்டத்தில் நகர்த்திக் கோட்டை கட்ட, அதாவது காஸ்லிங் செய்ய, முடியாது. நாம் கொடுத்த எண்ணில் அந்த விவரம் இல்லை. புரோகிராம் பழைய விடையை நம்பி ஏமாந்தது.

"பலகை ஒண்ணுதானுங்க, நெலம வேறயாப் போச்சுங்களே" என்றீர்கள்.

"சோம்பேறிப் புரோகிராமுங்க, உங்களாட்டமே" என்று நான் சிரித்தேன்.

நெஞ்சு எரிகிறது என்று மூன்று முறை போன் செய்தீர்கள். மூன்று முறையும் ஓடி வந்தேன், மூன்று முறையும் வாயு. நான்காவது முறை, "அதே வாயுதானுங்க, சோடா குடிச்சுப்போட்டுப் படுங்க, சாயங்காலம் வாரேன்" என்றேன். ஈசிஜியில் ஏதோ மாற்றம் தெரிவதாக டாக்டர் சொன்னதை அதற்கு முந்தைய வாரம்தான் பஸ்ஸில் நீங்களே சொல்லியிருந்தீர்கள். காதில் விழுந்தது. கணக்கில் சேர்க்கவில்லை. "செரிங்க" என்று வைத்துவிட்டீர்கள். சாயங்காலம் வந்தபோது உங்கள் வாசல் நிறையச் செருப்புகள்.

இரண்டு வருடமாக அந்த ஒரு போனையே மனதுக்குள் மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறேன். எப்படி ஆடினாலும் அந்த வாசலில்தான் வந்து நிற்கிறேன். களைத்துவிட்டேன்.

உங்கள் மனைவி வாரம் இரண்டு முறையாவது கூப்பிடுகிறார். "ஏனுங்கண்ணா, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க." வெறும் பயம்தான் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன் வந்தது. அலுப்பாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். "இப்பவே வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.